கையால் செய்யும் கத்தியும் அதன் கைப்பிடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்கறிக் கத்தி, மீன் கத்தி, அரிவாள்மனை, தோட்டத்துக்குச் சின்ன அரிவாள் என்று கேட்பவரின் கைக்கும் வேலைக்கும் ஏற்ப ஒவ்வொன்றாகச் செய்கிறேன். கைப்பிடிக்கு மரம், எருமைக் கொம்பு, எலும்பு இந்த மூன்றுதான், பிளாஸ்டிக் வைப்பதில்லை. தொலைபேசியில் தினமும் வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். வாங்க நினைப்பவர்களுக்கும் உதவும், சொந்தமாகச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கும் உதவும்.

கடையில் இருநூறு ரூபாய்க்கே நல்ல கத்தி கிடைக்கிறதே, எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

அந்தக் கத்தியில் உங்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். வெங்காயம் நறுக்கும்போது அது வெட்டுப்படாமல் நசுங்குகிறது, வாரத்துக்கு ஒரு முறை தீட்ட வேண்டியிருக்கிறது, அரை மணி நேரம் நறுக்கினால் ஆள்காட்டி விரலின் அடியில் வலிக்கிறது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் பேசலாம். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. நசுங்குவதற்குக் காரணம் வெட்டும் முனைக்குப் பின்னால் தகடு தடிமனாக இருப்பது. சீக்கிரம் மழுங்குவது இரும்பும் பதமும் (காய்ச்சிக் குளிர்வித்துக் கடினமாக்குவது) சரியில்லாததால். வலி வருவது கைப்பிடியால்.

என்ன இரும்பு போடுகிறீர்கள்?

பெரும்பாலும் இஎன் 31. பேரிங் செய்கிற எஃகு, வெளிநாட்டில் 52100 என்பார்கள். கார்பன் கிட்டத்தட்ட 1 சதவீதம், குரோமியம் 1.5 சதவீதம் வாக்கில் இருக்கும். சிறுமணிகளாகக் கட்டமைகிற எஃகு என்பதால் மெல்லிய முனையைத் தாங்கும், 60 ராக்வெல் (எஃகின் கடினத்தை அளக்கிற அளவு) வரை கொண்டுபோனாலும் காய்கறி வேலையில் விளிம்பு உதிராது. துருப் பிடிக்கும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். துரு பற்றிய கவலையே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் வகையில் செய்யலாம், ஆனால் அதன் பதத்தை வெப்பநிலை கட்டுப்படுத்தும் மின் உலையில்தான் போட முடியும், கரி உலையில் கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. தேங்காய் உடைக்க, கிளை கழிக்க, ஆட்டெலும்பு வெட்ட என்றால் இஎன் 31 வேண்டாம், லாரியின் அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டை நல்லது.

பழைய லாரிப் பட்டையில் செய்தால் தரம் குறையாதா?

குறையாது. பட்டை என்பது ஸ்பிரிங் எஃகு, வளைந்து நிமிர்வதற்காகவே செய்தது, அடி தாங்கும். தென் மாவட்டங்களில் அரிவாள் அடிக்கும் பட்டறைகள் எத்தனையோ இதைத்தான் அடிக்கின்றன, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு இருக்கிற பெயர் உங்களுக்கே தெரியும். ஒரே ஒரு ஆபத்து, லட்சக்கணக்கான முறை குலுங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். பாதி வேலை முடிந்து பதம் போடும்போதுதான் அது வாய் திறக்கும். அதனால் பட்டையின் நடுவில் துளை போட்ட பகுதியையும் முனை வளைவுகளையும் ஒதுக்கிவிட்டு மீதியை எடுக்க வேண்டும். காய்கறிக் கத்திக்குப் பழைய பட்டையை நான் எடுப்பதில்லை, என்ன கலவை என்று சரியாகத் தெரியாத இரும்புக்குச் சரியான பதமும் சொல்ல முடியாது.

பதம் போடுவது என்றால் என்ன நடக்கிறது? தண்ணீரில் முக்குவதுதானே?

கத்தியின் உயிரே இதில்தான் இருக்கிறது. கைப்பிடி எத்தனை அழகாக இருந்தாலும் தோய்ச்சல் தவறினால் அது வெறும் தகடு.

முதலில் இரும்பைச் சிவக்கக் காய்ச்சி காற்றில் ஆறவிட வேண்டும், இதை இரண்டு மூன்று முறை செய்தால் அடித்ததில் ஏறிய இறுக்கம் தளரும். அப்புறம் மீண்டும் காய்ச்ச வேண்டும். 770 டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். கரி உலையில் செய்பவர்களுக்கு இதுதான் கைகண்ட அளவுகோல், காந்தம் ஒட்டாத நிலையைத் தாண்டி இன்னும் ஒரு நிழல் பிரகாசமானதும் எடுத்து எண்ணெயில் இறக்குவார்கள். பட்டை இரும்புக்கு இது போதும். இஎன் 31 அப்படி இல்லை, அதில் இருக்கிற குரோமியம் கார்பனை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதால் 830 டிகிரி வாக்கில் பத்து நிமிடமாவது ஒரே சூட்டில் நிற்க வேண்டும், அதனால்தான் மின் உலை.

தண்ணீர் வேண்டாம். இந்த எஃகுகளுக்குத் தண்ணீர் வேகம் அதிகம், மெல்லிய கத்தி டிக் என்ற சத்தத்தோடு பிளக்கும். எண்ணெயையும் 50, 60 டிகிரிக்குச் சூடாக்கித்தான் வைக்க வேண்டும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் கத்தியைச் சுற்றி ஓடாது, சூட்டை மெதுவாகத்தான் இழுக்கும். கேட்டால் நம்ப மாட்டார்கள், ஆனால் வெதுவெதுப்பான எண்ணெய்தான் வேகமாகக் குளிர்விக்கும்.

எண்ணெயிலிருந்து வந்த கத்தி கண்ணாடி போல உடையும். அரம் வைத்துத் தேய்த்தால் வழுக்கும், கடிக்காது. அதை 200 டிகிரி வாக்கில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் வைத்தால் கடினம் கொஞ்சம் இறங்கி உறுதி ஏறும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் தெரியும். அங்கே நிறுத்த வேண்டும், நீலம் வரவிட்டால் ஸ்பிரிங்காகிவிடும்.

டமாஸ்கஸ் கத்தி கிடைக்குமா? அது நம் ஊர் எஃகுதானே?

இப்போது அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி, அடித்து ஒட்டவைத்தது. 1095, 15என்20 என்ற ஜோடியைத்தான் பலரும் எடுக்கிறார்கள். 15என்20-இல் நிக்கல் இருப்பதால் ஃபெர்ரிக் குளோரைடில் முக்கும்போது அது வெள்ளையாக நிற்கும், மற்றது கறுக்கும், கோலம் அப்படித்தான் தெரிகிறது. (அந்த ரசாயனம் சர்க்யூட் போர்டு செய்பவர்களுக்காக ரிச்சி தெருவில் விற்கிறது.)

நம் ஊர் எஃகு என்று நீங்கள் நினைப்பது உக்கு. அது மூசையில் (உலோகம் உருக்கும் மண் குடுவையில்) உருக்கியது, அடுக்கி அடித்தது இல்லை. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவிலிருந்து போன உக்குக் கட்டிகளை மேற்காசியக் கொல்லர்கள் வாளாக அடித்தார்கள், 1820 வாக்கில் மைக்கேல் ஃபாரடே லண்டனில் உட்கார்ந்து இதைச் சோதித்து, இதைப் போலவே செய்ய முயன்றிருக்கிறார். கார்பன் 1.5 சதவீதம் வாக்கில் இருக்கிற எஃகு அது, கொஞ்சம் சூடு கூடினாலும் சம்மட்டியடியில் நொறுங்கும். நான் உக்கு செய்வதில்லை, அடுக்கு எஃகும் கேட்டால் மட்டும்தான். வெட்டுவதில் அடுக்கு எஃகு ஒற்றை எஃகைவிட மேல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்குக் கொடுக்கிற பணம் கோலத்துக்குத்தான்.

கைப்பிடிக்கு எந்த மரம் நல்லது?

என் பதில் பலருக்குப் பிடிக்காது: சீமைக்கருவேலம்.

ஊரே திட்டுகிற மரம், உயர் நீதிமன்றம் வரை போய் வெட்டச் சொன்ன மரம். ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போடுவதைத் தவிர வேறு எதற்கும் ஆகாது என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் நாற்பது வருடம் நின்ற ஒரு பழைய தூரை அறுத்து உள்ளே பாருங்கள். வைரம் (மரத்தின் கெட்டியான உட்பகுதி) செம்பழுப்பாக, நெருக்கமாக, கனமாக இருக்கும், எண்ணெய் பட்டதும் நிறம் இன்னும் ஆழமாகும். எல்லாவற்றையும்விட முக்கியம், காயும்போது மிகக் குறைவாகச் சுருங்குகிற மரம் இது. கைப்பிடிக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறு இல்லை. ஒரு காடும் அழியாது, வெட்டினால் நிலத்தடி நீருக்கு நல்லது என்று வாழ்த்தத்தான் செய்வார்கள். அதே மரத்தின் கரி என் உலையிலும் எரிகிறது. குறை என்று சொன்னால் நேரான நீளமான பலகை கிடைக்காது, ஆனால் கைப்பிடிக்கு வேண்டியது ஐந்து அங்குலம்தானே. வெளிப்புற வெளிர்மஞ்சள் பகுதியை மட்டும் கழித்துவிட வேண்டும், அதில் வண்டு விழும்.

அடுத்து புளி. கறிக்கடையில் வெட்டுக்கட்டை புளியமரத்தில் இருப்பது சும்மா இல்லை, அடி வாங்கினாலும் சிம்பு கிளம்பாது. வயதான மரத்தின் நடுவில் ஊதா கலந்த கரும்பழுப்பு வைரம் இருக்கும். நாட்டுக் கருவேலம் ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் காலங்காலமாகப் போன மரம், அரிவாள் பிடிக்கு அதுதான். பலா இவற்றைவிட லேசு, மஞ்சள் நிறம் நாளாக ஆக தேன் நிறமாக மாறும், லேசான காய்கறிக் கத்திக்குப் பொருத்தம்.

கருங்காலி போட்டுத் தருவீர்களா? மாலை எல்லாம் போடுகிறார்களே, அந்த மரம்.

தருவேன், கிடைத்தால். மாலை பிரபலமானதிலிருந்து சாயம் ஏற்றிய மரம்தான் சந்தையில் அதிகம். துண்டை அறுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறியிருக்கும். உண்மையான கருங்காலி தண்ணீரில் மூழ்குகிற அளவு கனம், இழைத்த பரப்பு கொம்பு போல வழவழப்பாக இருக்கும். ஆனால் காய மிக நாளாகும், அவசரப்பட்டால் முனையிலிருந்து நூல் நூலாக வெடிக்கும். அதிர்ஷ்டத்துக்காக என்று கேட்பவர்களுக்கு அதைப் பற்றி என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. கைப்பிடி மரமாக அது முதல் தரம், அதை மட்டும் சொல்வேன்.

ஈட்டி, செம்மரம், சந்தனம்?

செம்மரமும் சந்தனமும் எடுப்பதில்லை. ஈட்டி (ரோஸ்வுட்) அருமையான கைப்பிடி மரம், ஆனால் 1994-இல் தமிழ்நாட்டில் அதைக் காப்பதற்கென்றே தனிச் சட்டம் வந்தது, சர்வதேச வணிகத்திலும் கட்டுப்பாடு இருக்கிறது. உடைந்துபோன பழைய கட்டில் கால், நாற்காலிக் கை என்று உங்கள் வீட்டிலேயே ஈட்டி இருந்தால் கொண்டு வாருங்கள். நூறு வருடம் காய்ந்த மரம் எந்த மரக்கடையிலும் கிடைக்காது. அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும், வேலை செய்பவர் கவனமாக இருக்க வேண்டும்.

பனை மரத்தில் கைப்பிடி பார்த்தேன், கோடு கோடாக அழகாக இருந்தது. நீங்கள் செய்வீர்களா?

செய்கிறேன், பழைய வீடு பிரித்த பனஞ்சட்டத்தில் மட்டும். பனை வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது, அது சரியான அறிவிப்பு. சட்டத்தில் கறுப்பு நார் நெருக்கமாக இருக்கிற வெளிப்பகுதிதான் உதவும், உள்ளே போகப் போக பஞ்சு.

நார் இரும்புக் கம்பி மாதிரி, இடையில் இருக்கிற சோறு மெத்து. அப்படியே கைப்பிடியாக்கினால் நாளடைவில் மெத்தான பகுதி தேய்ந்து நார் மேலே எழும்பி உள்ளங்கையில் சிலாம்பு ஏறும். அதனால் பனையை மட்டும் ரெசின் (இறுகிக் கெட்டியாகிற பிசின்) ஏற்றித்தான் பயன்படுத்துகிறேன். துண்டை நன்றாகக் காயவைத்து, ரெசினில் மூழ்கவைத்து, மூடிய பாத்திரத்தில் காற்றை உறிஞ்சி எடுத்தால் மரத்துக்குள் இருக்கும் காற்று குமிழியாக வெளியே வரும், காற்றைத் திரும்ப விடும்போது அந்த இடத்தில் ரெசின் ஏறும், அப்புறம் அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் இறுகிவிடும். அதன் பிறகு அது முழு இயற்கைப் பொருள் இல்லைதான், வாங்குபவரிடம் அதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

எங்கள் வீட்டு மரம் விழுந்துவிட்டது. அந்த மரத்திலேயே கத்திப் பிடி செய்து தர முடியுமா?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததில் டெல்டாவில் எத்தனை மா, பலா, தென்னை சாய்ந்தன. தாத்தா வைத்த மரத்தில் ஒரு துண்டாவது வீட்டில் இருக்கட்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். மரம் விழுந்ததும் செய்ய வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைத் தெரியாமல் நல்ல மரத்தை இழக்கிறார்கள். கிளையை விடுங்கள், தூரிலிருந்தோ கிளை பிரியும் கவட்டையிலிருந்தோ எடுங்கள், ரேகை அங்கேதான் சுழன்று அழகாக வரும். ஒன்றேகால் அங்குலப் பலகையாக அறுத்து, நடுக்குருத்து எந்தத் துண்டிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், குருத்து இருந்தால் கட்டாயம் வெடிக்கும். அறுத்த அன்றே இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ தடவிவிட வேண்டும். தண்ணீர் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், அதை அடைத்தால்தான் பக்கவாட்டில் நிதானமாகக் காயும். வெயிலில் வைக்காதீர்கள். மொட்டை மாடியில் போட்டால் ஒரு வாரத்தில் விறகு. நிழலில், காற்றோட்டமாக, இடையில் குச்சி வைத்து அடுக்குங்கள்.

ஒரு அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. சரியாகத் தெரிய வேண்டுமானால் சமையலறைத் தராசில் எடை போட்டுத் துண்டின் மேலேயே தேதியோடு எழுதி வையுங்கள். மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். எடை குறைவது நின்று சில வாரம் அப்படியே இருந்தால் அனுப்புங்கள்.

வேறொருவரிடம் வாங்கிய கத்தியில் கைப்பிடிக்கும் இரும்புக்கும் நடுவில் விளிம்பு தட்டுகிறது, வாங்கும்போது வழுவழுவென்றுதான் இருந்தது. ஏன்?

மரம் காயவில்லை. வேறு காரணம் அநேகமாக இருக்காது.

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். இரும்பு சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தேய்த்துச் சமமாக்கிய அன்று விரலுக்கு ஒன்றும் தெரியாது, மூன்று மாதம் கழித்து மரம் உள்வாங்க, இரும்பு வெளியே நிற்கும். நன்றாகக் காய்ந்த மரத்திலும் இது மயிரிழை அளவுக்கு நடக்கும், ஏனென்றால் மரம் செத்த பிறகும் காற்றில் உள்ள ஈரத்தோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சென்னையில் நவம்பர் மாதம் மரம் உப்பும், வேலூரில் மே மாதம் இறுகும். கனடாவில் இருக்கும் அக்காவுக்கு என்று வாங்கிப் போகிறவர்களிடம் நான் முன்னாலேயே கேட்டுவிடுவேன், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற வீட்டுக் காற்று நம் ஊர் கோடையைவிட வறண்டது. அப்படிப் போகிற கத்திக்குச் சீமைக்கருவேலம், அல்லது இரும்பு முழுவதும் மரத்துக்குள் மறைகிற மாதிரியான பிடி. விளிம்பு வெளியே வராத அமைப்பு என்பதால் சுருங்கினாலும் கைக்குத் தெரியாது.

உங்கள் கத்தியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வருடம் பழகட்டும், மரம் போகிற வரை போகட்டும். அப்புறம் 220-ஆம் நம்பர் எமரித் தாளில் இரும்பையும் மரத்தையும் சேர்த்துத் தேய்த்துச் சமமாக்கி எண்ணெய் விட்டால் பெரும்பாலும் திரும்ப வராது.

அண்ணே, மான் கொம்புப் பிடி போட்டுத் தருவீங்களா? தானா உதிர்ந்த கொம்புதான்.

இல்லை தம்பி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் புள்ளிமான், கடமான் கொம்பை வைத்திருப்பதே குற்றம், தானாக உதிர்ந்ததா என்பது கணக்கில் வராது, காட்டில் கிடந்தாலும் அது அரசின் சொத்து. வெளிநாட்டுக் கத்திப் படங்களில் பார்ப்பது அங்கே வேட்டைக்கும் விற்பனைக்கும் அனுமதி உள்ள மான்களின் கொம்பு. தந்தத்துக்கும் இதே பதில். தாத்தா காலத்துப் பொருள் என்றாலும் என் பட்டறைக்குள் வராது.

அப்படியானால் கொம்பு என்று நீங்கள் சொல்வது?

எருமைக் கொம்பு. இறைச்சித் தொழிலில் மிஞ்சுவது. உத்தரப் பிரதேசத்தில் சம்பல் என்ற ஊரே கொம்பு, எலும்பு வேலைக்குப் பெயர் போனது, அங்கிருந்து தகடாகவே கிடைக்கிறது. கொம்பின் நுனி மட்டும்தான் கெட்டி, மற்ற பகுதி உள்ளே கூடு, அதைப் பிளந்து சூடாக்கி அழுத்தித் தட்டையாக்குவார்கள்.

கொம்பு நம் நகம் மாதிரிப் பொருள், கெரட்டின். தேய்க்கத் தேய்க்க மையிருட்டாக மின்னும், சிலதில் சாம்பல் வரி ஓடும். ஜப்பானியச் சமையல் கத்திகளில் மரப்பிடியின் கழுத்தில் பூண் போல ஒரு கறுப்பு வளையம் இருக்குமே, அதுவும் எருமைக் கொம்புதான். அந்த இடத்தில்தான் தண்ணீர் இறங்கும் என்பதால் மரத்தின் வாயை அது மூடுகிறது. மீன் கத்திக்கு நான் அந்த முறையையே பின்பற்றுகிறேன்.

கொதிநீர் மட்டும் ஆகாது. அழுத்தித் தட்டையாக்கிய கொம்பு சூடு பட்டால் தன் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். பயன்படுத்தாமல் பெட்டியில் வருடக்கணக்கில் வைத்தால் பூச்சி அரிக்கும், அடிக்கடி கையில் எடுத்துக்கொண்டிருக்கிற கத்திக்கு அந்தப் பிரச்சினை வருவதில்லை.

எலும்பு மஞ்சளாகாதா? நாற்றம் வராதா?

கொழுப்பு போகாத எலும்பு இரண்டும் செய்யும், பசையும் பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். கொதிக்கவிடக்கூடாது, கொதித்தால் கொழுப்பு உள்ளே இறங்கிவிடும். நான் எடுப்பது ஒட்டக எலும்பு, சுவர் தடிமன். சின்னக் கத்திகளுக்கு மட்டும்.

நாங்கள் சைவம். கொம்பு, எலும்பு படாத கத்தி கிடைக்குமா?

கிடைக்கும். மரமும் பித்தளையும் மட்டும். உறைக்குத் தோலுக்குப் பதில் மர உறை செய்து தருகிறேன்.

கைப்பிடி கழன்று வராதா? எப்படிப் பொருத்துகிறீர்கள்?

பழைய முறையில் இரும்பில் கைப்பிடிக்குள் போகிற வாலைச் சிவக்கக் காய்ச்சி மரத்துக்குள் இறக்குவார்கள், அரக்கு ஊற்றிப் பூண் மாட்டுவார்கள். அரிவாளுக்கு இன்றும் அது சரியான முறை, பிடி போனால் ஐந்து நிமிடத்தில் வேறு போடலாம். சமையலறைக் கத்திக்கு அது போதாது, இடுக்கில் தண்ணீர் போகும். இரண்டு பாகம் கலக்கிற எபாக்சிப் பசையும், பித்தளை ஆணிகளும் சேர்த்துப் போடுகிறேன். பசை ஐந்து நிமிடத்தில் இறுகுகிற வகை வேண்டாம், ஒரு நாள் எடுத்துக்கொள்கிற வகைதான் நிற்கும். ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்கிற கவ்வியை அளவுக்கு மீறி முறுக்கினால் பசை முழுவதும் வெளியே வழிந்துவிடும். வீட்டில் செய்பவர்களின் பிடி கழன்று வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

வார்னிஷ் அடித்துப் பளபளவென்று கொடுங்களேன்?

படத்துக்கு நன்றாக இருக்கும், மீன் கழுவும்போது வழுக்கும். கைப்பிடியை 400-ஆம் நம்பர் தாளோடு நிறுத்திவிடுகிறேன். அதன் மேல் ஆளிவிதை எண்ணெய், மெல்லிசாக, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது, கடைசியில் தேன்மெழுகு. வார்னிஷ் ஒரு இடத்தில் கீறினால் அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர முடியாமல் மரம் கறுக்கும். எண்ணெய் பூசியது தேய்ந்தால் நீங்களே வீட்டில் இன்னொரு முறை பூசிக்கொள்ளலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், குவியலாக இருந்தால் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள். படகுக்குப் பூசுகிற முந்திரிக்கொட்டை எண்ணெயைப் பூசலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது, தோல் புண்ணாகும்.

என் கைக்கு ஏற்ற அளவை எப்படிச் சொல்வது?

ஒரு தாளில் கையை வைத்துச் சுற்றி வரைந்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், அளவு அதிலிருந்து தெரிந்துவிடும். எந்தக் கை, எப்படிப் பிடிப்பீர்கள், கத்தியின் முதுகில் ஆள்காட்டி விரலை வைக்கும் பழக்கம் உண்டா, மூட்டுவலி இருக்கிறதா, இதெல்லாம் எழுதுங்கள். விரல் மடக்கச் சிரமப்படும் அம்மாக்களுக்குப் பிடி பருமனாக, நடுவில் கொஞ்சம் உப்பலாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே இருக்காது. விரல் பள்ளம் வெட்டிய பிடி வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள், நான் தடுக்கப் பார்ப்பேன், பள்ளம் இருந்தால் ஒரே மாதிரிதான் பிடிக்க முடியும், சமையலில் கை நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

அரிவாள்மனை செய்வீர்களா?

ஆசையாகச் செய்வேன். இரண்டு கையும் காயைப் பிடித்துக்கொள்ள, கத்தி அசையாமல் நிற்கிற அமைப்பு அது, வாழைப்பூவும் கீரையும் அதில் ஆய்வது போல வேறெதிலும் ஆய முடியாது. மனைக்குப் பலா அல்லது வேம்பு. உட்கார்ந்து நறுக்க முடியாதவர்களுக்கு மேடையில் கவ்விவைக்கிற மாதிரியும் செய்கிறேன். நுனியில் தேங்காய்த் துருவி வேண்டுமா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு சேர்க்க முடியாது.

கத்தி ஒரே வாரத்தில் கறுத்துவிட்டது, ஏமாற்றிவிட்டீர்களா?

அந்தக் கறுப்பு நிறம் துரு இல்லை. புளி, எலுமிச்சை, தக்காளி, வெங்காயம் பட்டால் கார்பன் எஃகு முதலில் நீலம், அப்புறம் சாம்பல், கடைசியில் கறுப்பாகும். அந்தப் படலம் வந்த பிறகு துரு பிடிப்பது குறையும், தேய்த்து எடுக்காதீர்கள். செங்காவி நிறம் தெரிந்தால்தான் துரு, அதைச் சாம்பலோ சமையல் சோடாவோ தொட்டுத் தேய்த்து எடுத்துவிடுங்கள். நறுக்கி முடித்ததும் கழுவித் துடைத்து வைத்தால் போதும். சிங்க்கில் ஊறப் போடுவது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைப்பது இரண்டும் கைப்பிடியைக் கொன்றுவிடும். ஊருக்குப் போகும்போது ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

தெருவில் வருகிற சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

அரிவாள், கத்தரிக்கோல் கொடுங்கள், அவர் வேலை அதற்கு நல்ல வேலை. மெல்லிய சமையல் கத்தியை ஓடுகிற காய்ந்த கல்லில் வைத்தால் முனை நொடியில் 200 டிகிரியைத் தாண்டும், நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். வீட்டில் 1000-ஆம் நம்பர் சாணைக்கல் ஒன்று வாங்கித் தண்ணீர் விட்டு, காய்கறிக் கத்தி என்றால் பக்கத்துக்கு 15 டிகிரி, எலும்பு வெட்டுவது என்றால் 20-க்கு மேல் சாய்த்துத் தீட்டுங்கள். என்னிடம் வாங்கியதை அனுப்பினால் நானே தீட்டித் தருகிறேன்.

பெரிய கத்தி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா?

ஆயுதச் சட்ட விதிகளில் அலகு (வெட்டும் தகடு) 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத வகையில் வருகின்றன, வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்காகச் செய்தவை அதில் சேராது. சமையல் கத்தியைச் சமையலறையில் வைத்திருப்பதில் சிக்கல் இல்லை. இடுப்பில் சொருகிக்கொண்டு திரிய என்று கேட்டால் செய்து தர மாட்டேன், குத்துவாள் வடிவமும் செய்வதில்லை. விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், சரக்கில் போகும் பெட்டியில் உறையோடு வையுங்கள்.

நானே செய்து பார்க்க விரும்புகிறேன், எதிலிருந்து தொடங்குவது?

உலை வேண்டாம், ஒரு தகடும் அரமும், தகட்டை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸும் போதும். அரத்தால் தேய்த்தே வடிவம் கொண்டுவந்து, பதத்துக்கு மட்டும் வெப்பப் பதம் போடும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள், தொழிற்பேட்டை உள்ள ஊர்களில் எல்லாம் இருக்கிறார்கள். முதல் பிடிக்குப் புளியோ சீமைக்கருவேலமோ எடுங்கள், விலை உயர்ந்த மரம் இப்போது வேண்டாம். முகமூடி இல்லாமல் ஒரு பிடியைக்கூடத் தேய்க்காதீர்கள். துணி கட்டினால் போதாது, என்95 வேண்டும். எலும்புத் தூளும் கொம்புத் தூளும் நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடும், மரத்தூளும் அப்படித்தான். துத்தநாகம் பூசிய தகட்டை உலையில் வைக்காதீர்கள், அதன் புகை நஞ்சு.

ஆயுத பூஜைக்குக் கத்திக்குப் பொட்டு வைக்கலாமா?

வையுங்கள். ஈரச் சந்தனமும் குங்குமமும் இரவு முழுவதும் கார்பன் எஃகில் இருந்தால் அந்த வட்டத்தில் துருத் தழும்பு விழும். அலகில் முதலில் எண்ணெய் தடவிவிட்டு அதன் மேல் வையுங்கள், அல்லது கைப்பிடியில் வையுங்கள். மறுநாள் காலையில் துடைத்துவிடுங்கள்.

விலை எவ்வளவு, எத்தனை நாளாகும்?

படம் ஒன்றை அனுப்பி இதே மாதிரி எவ்வளவு என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. இரும்பின் விலை மொத்தத்தில் சின்னப் பங்கு, நேரம்தான் பெரிய செலவு. அதிலும் கைப்பிடியைப் பொருத்தித் தேய்த்து எடுக்கிற நேரம் அலகு அடிக்கிற நேரத்தைவிட அதிகம். என்ன வேலைக்கு, அலகு எவ்வளவு நீளம், எந்த மரம், கையின் படம், எந்த ஊருக்குப் போகிறது, இவற்றை எழுதி அனுப்பினால் விலையும் நாளும் சொல்லிவிடுவேன். காய்ந்த மரம் கையிருப்பில் இருந்தால் சில வாரங்களில் முடியும். இல்லையென்றால் மரம் காய்கிற வரை காத்திருக்க வேண்டும், அதற்கு முன்பணம் வாங்குவதில்லை.